நூற்றுப்பத்துக்கு எழுபது

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு மருத்துவ முகாம் போட்டார்கள். நர்ஸிங் முடித்து இரண்டு வருடம் ஆன ஒரு பெண் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி அவள் பொத்தானை அமுக்கினாள். மெஷின் ஊதி, இறங்கி, 'எரர்' என்று காட்டியது. மறுபடி அமுக்கினாள். மறுபடியும் எரர். "சவம், ரிப்பேர் போலுக்கு மேடம்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அந்த அம்மாவை மற்றக் கையை நீட்டச் சொன்னேன். அதில் ஒழுங்காக எண் வந்தது. இரண்டு கைக்கும் வித்தியாசம் இருக்கிறது, டாக்டரிடம் அனுப்பு என்றேன். "அடுத்த கையப் பாக்கணும்னு எப்படி மேடம் தோணிச்சு?" என்று கேட்டாள். பின்னால் வரிசை காத்து நின்றதால் அங்கே சொல்லவில்லை. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் கோமதி. முப்பத்தொரு வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வேலை பார்த்தது திருநெல்வேலியில் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியில். பெயர் வேண்டாம்; தப்பு என்னுடையது, கட்டடத்தினுடையது அல்ல. பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. சைவப் பிள்ளைமார் வீட்டுப் பெண் கண்டவர்கள் உடம்பைத் தொட்டுத் துடைக்கப் போகலாமா என்று சொந்தக்காரர்கள் ஒரு வருடம் பேசினார்கள். பிறகு அவர்கள் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் கட்டில் பிடித்துத் தரச்சொல்லி என்னிடமே வந்தார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தொண்ணூறுகளில் எங்கள் ஓ.பி.யில் காலை எட்டு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிவிடும். சீவலப்பேரி டவுன் பஸ் வந்து நின்றாலே முப்பது பேர் இறங்குவார்கள். என் மேஜை சுவரை ஒட்டிக் கிடந்தது. நோயாளி ஸ்டூலில் உட்கார்ந்தால் அவருடைய இடது கைதான் என் மேஜைமேல் வரும். வலது கையைப் பார்க்க வேண்டுமானால் ஸ்டூலைத் திருப்பிப் போட வேண்டும். யார் திருப்புவது? பதினோரு வருடம் நான் இடது கைக்குத்தான் பிரஷர் பார்த்தேன்.

பிரஷர் பார்க்கும் பாதரசப் பெட்டிகள் பழையவை. ரப்பர் குழாய் வெடித்திருக்கும், நாங்கள் பிளாஸ்திரி சுற்றி வைத்திருப்போம். சில சமயம் காற்று நிற்காது, சத்தம் கேட்காது. எங்கள் காலத்துப் பெட்டிக்கு எரர் காட்டத் தெரியாது, நாங்கள்தான் சொல்ல வேண்டும். நாங்கள் சொல்லவில்லை. வயசாளி என்றால் வேறு பெட்டி கொண்டுவந்து பார்ப்போம். வயசுப் பிள்ளை என்றால் 110/70 என்று சீட்டில் எழுதி அனுப்பிவிடுவோம். எங்களுக்குள் அதற்குப் 'பிரசாதம்' என்று பெயர். "இன்னைக்கு எத்தன பேருக்குட்டி பிரசாதம் குடுத்த?" என்று மத்தியானம் சாப்பிடும்போது கேட்டுச் சிரிப்போம். இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கமாக இல்லை.

டாக்டர் வெங்கடாசலம் மருத்துவப் பிரிவுக்குத் தலைவராக வந்தபோது அவருக்கு முப்பத்தாறு வயது, எனக்கு நாற்பத்திரண்டு. மெலிந்த ஆள். கோபப்படவே மாட்டார். அதுதான் எங்களுக்குத் தொந்தரவாக இருந்தது. கத்துகிற டாக்டரைச் சமாளித்துவிடலாம், கத்தி முடித்ததும் காப்பி குடிக்கப் போய்விடுவார். இவர் "இன்னொரு தடவை பாத்துடுங்களேன் சிஸ்டர்" என்பார். நாம் பார்த்து முடிக்கிறவரை நகராமல் நிற்பார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நோயாளி வந்து உட்கார்ந்ததும், பெயரைக் கேட்பதற்கு முன்னால், இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடிப்பார். கண்ணை மூடிக்கொள்வார். அரை நிமிடம் பேச்சே இருக்காது. பிறகு கழுத்தின் இரண்டு பக்கமும், காறை எலும்புக்கு மேலும், தொப்புளுக்கு மேலும் ஸ்டெதாஸ்கோப் குழலை வைத்துக் கேட்பார். "கழுத்துல என்னத்தக் கேக்காவ சிஸ்டர், எனக்கு முட்டில்லா வலிக்கி" என்று ஒரு அண்ணாச்சி என்னிடம் குசுகுசுத்தார். நானும் அதைத்தான் நினைத்தேன். சின்ன வயசு, ஜம்பம் காட்டுகிறார் என்று நினைத்தேன். எல்லா நோயாளியும் அவரிடம் போவதில்லை. காய்ச்சல், அசதி என்று வருகிற வயசுப் பிள்ளைகளை ஓ.பி. டாக்டரே மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்.

பேச்சியம்மாள் அப்படித்தான் வந்தாள். இருபத்து மூன்று வயது, கல்யாணமாகி ஒன்றரை வருடம். சீவலப்பேரியில் மாமியார் வீட்டில் பீடி சுற்றுகிறவள். சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் வருகிறது, உடம்பு மெலிகிறது என்றாள். பட்டையைச் சுற்றும்போது இன்னொன்றும் சொன்னாள்.

"சிஸ்டர், இருவது பீடி சுத்துததுக்குள்ள இந்த இடது கை செத்துப் போவுது. தட்டக் கீழ வச்சிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தா சரியாவுது. திரும்பச் சுத்தினா திரும்பவும் அப்படியே ஆவுது."

"விடிஞ்சதுல இருந்து சுத்தினா கை அசராம என்ன செய்யும்? பூவா பூக்கும்?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்தாள்.

பாதரசத்தை ஏற்றி இறக்கினேன். சத்தம் கேட்கவில்லை. இன்னொரு தடவை ஏற்றினேன், கேட்கவில்லை. சவத்துப் பெட்டி மறுபடி மக்கர் செய்கிறது என்று 110/70 எழுதினேன். ஓ.பி. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுச் சத்து மாத்திரை எழுதினார். அடுத்த மாதமும் வந்தாள், அதே கை, அதே எண். தைப்பொங்கல் கழிந்து மூன்றாவது தடவை வந்தாள், தலைவலியும் இருக்கிறது என்றாள். மூன்றாவது தடவையும் அதையே எழுதினேன்.

 வேலை செய்தால் கை ஓய்ந்துபோகிறது, நிறுத்தினால் சரியாகிறது என்றால் அந்தக் கைக்கு ரத்தம் போதவில்லை என்று பொருள். பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பதை அந்தப் பிள்ளை பீடித் தட்டை வைத்து எனக்கு விளக்கமாகச் சொல்லியிருக்கிறாள்.

மாசி மாதம் ஒரு காலை அவள் கணவன் சுடலைமுத்து அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். இரண்டு நாளாகத் தலை பிளக்கிற வலி, கண் மங்கல், அன்று காலை வலிப்பு. டாக்டர் வெங்கடாசலம் ஓ.பி.க்கே வந்துவிட்டார். வழக்கம்போல இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கண்ணை மூடினார். உடனே திறந்தார். தன் கைகளை மாற்றிப் பிடித்தார். முழங்கை மடிப்பில் தொட்டுப் பார்த்தார். "வலது கையில பிரஷர் பாருங்க சிஸ்டர்" என்றார். ஸ்டூலைத் திருப்பிப் போட்டேன். இருநூற்று இருபதுக்கு நூற்று முப்பது.

முதலில் வலிப்புக்கு ஊசி, பிரஷர் இறங்க மருந்து, பெண்கள் வார்டில் கட்டில். அவள் தூங்கிக் கொஞ்சம் தெளிந்த பிறகு, நாலு கை கால்களுக்கும் பிரஷர் பார்க்கச் சொன்னார். இடது கையில் பட்டையைச் சுற்றினேன். ஏற்றினேன், இறக்கினேன். மூன்று தடவை. அவர் பக்கத்திலேயே நின்றார்.

"பெட்டி லீக் ஆவுது டாக்டர்" என்றேன்.

அவர் மேஜையிலிருந்த சலைன் பாட்டிலை எடுத்தார். அதைச் சுற்றிப் பட்டையை இறுக்கினார். இருநூறு வரை ஏற்றித் திருகை மூடினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. பாதரசம் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"லீக் இல்லையே சிஸ்டர். இடது கை எவ்வளவு?"

"சத்தம் கேக்கல டாக்டர்."

"அப்ப அதையே எழுதிடுங்க."

எழுதினேன். அத்தனை வருட வேலையில் அந்த வார்த்தையை நான் ஒரு சீட்டிலும் எழுதியது கிடையாது. பிறகு அவளைக் குப்புறப் படுக்கவைத்து, தொடைக்குரிய அகலப் பட்டையைச் சுற்றி, முழங்காலுக்குப் பின்பக்கக் குழியில் குழலை வைத்து இரண்டு காலுக்கும் பார்த்தேன். கால்களிலும் பிரஷர் எகிறிக்கிடந்தது. வயிற்றில் குழலை வைத்துக் கேட்கச் சொன்னார். தொப்புளுக்கு மேலே, கொஞ்சம் இடது பக்கமாக, ஒவ்வொரு துடிப்புக்கும் உஸ், உஸ் என்று கேட்டது. ஒடுங்கின குழாய் வழியாக ரத்தம் போகிற சத்தம்.

அவளுடைய துணிப்பையில் மூன்று ஓ.பி. சீட்டும் இருந்தன. டாக்டர் எடுத்துப் பார்த்தார். மூன்றிலும் ஒரே எண், ஒரே கையெழுத்து. என்னை ஒரு தடவை பார்த்தார். மடித்துத் திரும்பப் பையிலேயே வைத்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இதயத்திலிருந்து புறப்படுகிற பெருந்தமனியின் சுவர் அழற்சி கண்டு தடித்துப்போகிற நோய் அது. வயசுப் பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வரும். ஏன் வருகிறது என்று யாருக்கும் தெரியாது. சுவர் தடிக்கும்போது அதிலிருந்து பிரிகிற கிளைகளின் வாய் ஒடுங்கும். சுடலைமுத்து வயல் வேலைக்காரன், அவனுக்கு டாக்டர் அவன் பாஷையில் சொன்னார்.

"பெரிய ஆறு ஓடுது. கரை வீங்கி, ஒரு கால்வாயோட மடைவாய் அடைச்சுக்கிச்சு. அதுதான் இடது கை. இன்னொரு மடை, சிறுநீரகத்துக்குப் போறது, பாதி அடைச்சிருக்கு. தண்ணி வரலைன்னா கடைமடைக்காரன் என்ன செய்வான்?"

"சத்தம் போடுவான் அய்யா. அணையில கூடத் தொறந்து விடச் சொல்லுவான்."

"அதேதான். சிறுநீரகம் சத்தம் போட்டு பிரஷரை ஏத்துது. அந்த வேகத்துல மத்த கால்வாய்க் கரை உடையும். மூளையில உடைஞ்சா ஆள் போயிடும்."

"அப்ப அவ நடிக்கல?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு அப்போது விளங்கவில்லை.

ரத்தம் எடுத்து ஈ.எஸ்.ஆர். பார்த்தார்கள். உயரமான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை நிறுத்திவைத்து, ஒரு மணி நேரத்தில் சிவப்பு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. தொண்ணூறு இறங்கியிருந்தது. உடம்புக்குள் அழற்சி இன்னும் எரிகிறது என்று அதற்குப் பொருள். காசநோய் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார். பிரஷர் கட்டுப்பட்ட பிறகு திருவனந்தபுரம் அனுப்பி, தொடையின் ரத்தக்குழாய் வழியாக மருந்து செலுத்திப் படம் எடுத்தார்கள். டாக்டர் மணிக்கட்டைப் பிடித்துச் சொன்னதைப் படமும் சொன்னது. சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தக்குழாயைப் பலூன் வைத்து விரிக்கலாம், ஆனால் அழற்சி அடங்கினபிறகுதான் என்று எழுதி அனுப்பினார்கள். அதுவரை மாத்திரைதான் அவளுக்கு உயிர். காலையில் சாப்பிட்டதும் போட வேண்டும், ஒரு நாளும் விடக் கூடாது, திடீரென்று நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடும்.

இரண்டு மாதத்தில் ஈ.எஸ்.ஆர். இறங்கியது. ஆனால் ஸ்டீராய்டு தன் வேலையைக் காட்டியது. முகம் உருண்டு, கன்னம் உப்பி, ஆள் பூசினாற்போல ஆகிவிட்டாள். மாத்திரை வாங்க வந்த சுடலைமுத்து அன்று போகாமல் நின்றுகொண்டிருந்தான்.

"என்னலே நிக்க?" என்றேன்.

"சிஸ்டர், வார ஞாயித்துக்கெழம சொந்தக்காரங்க எல்லாம் கூடுதாவ. இவள அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிரணும்னு எங்கம்மா ஒத்தக்கால்ல நிக்கா. 'கொழுகொழுன்னு இருக்கா, இவளுக்கா சீக்கு? ஆஸ்பத்திரியிலயே மூணு தடவ பாத்து ஒண்ணுமில்லன்னு எழுதிட்டாவ. வேலக்கள்ளி, வலிப்பும் நடிப்புத்தான்'னு அந்த மூணு சீட்டையும் எல்லார்ட்டயும் காட்டுதா."

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அது யார் எழுத்து என்றே அவனுக்குத் தெரியாது. பேச்சியின் அம்மா பாபநாசத்துக்கு மேலே மலையடிவாரத்தில் தனியாகக் கூலி வேலை பார்க்கிறவள். அங்கே போனால் மாதாமாதம் திருநெல்வேலிக்குக் கூட்டிவர ஆள் கிடையாது. மாத்திரை நின்றுபோகும். டாக்டரிடம் சொன்னேன். "நின்னா மறுபடி வீங்கும். அடுத்து மூளைக்குப் போற குழாய்தான்" என்று சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். நல்ல கடிதம்தான். ஆனால் அது ஒரு தாள், மாமியார் கையில் இருப்பதோ மூன்று தாள், மூன்றும் என் எழுத்து. ஞாயிற்றுக்கிழமை நானே அங்கே போய் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

"போவாத. வேல போயிரும்" என்றார் என் வீட்டுக்காரர். "போனாப் போட்டும்" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது, உள்ளே பயமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் சீவலப்பேரி போய் இறங்கினேன். வீட்டு முன்னால் பாய் விரித்துப் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சி சுவரோரம் நின்றாள். மாமியார் மடியில் பீடித் தட்டோடு இருந்தாள். சண்டை நடக்கும்போதும் அவள் கை சுற்றிக்கொண்டேதான் இருந்தது. அவளைக் கொடுமைக்காரி என்று சொல்ல மாட்டேன். விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. தானும் வலியோடுதான் சுற்றுகிறோம், இவளுக்கு மட்டும் என்ன என்று நினைத்திருக்கிறாள்.

நான் யார் என்று சொன்னேன். அவள் உடனே சீட்டுகளை எடுத்து நீட்டினாள். "நீங்களே சொல்லுங்கம்மா. இது ஒங்க ஆஸ்பத்திரி எழுத்துதான?"

"என் எழுத்துதான். மூணும் நான் எழுதினது. மூணும் பொய்" என்றேன்.

ஒரு பெரியவர், "முத்திர போட்டிருக்கேம்மா?" என்றார்.

"முத்திர நெசம். நம்பர் பொய். எனக்குச் சத்தமே கேக்கல. பெட்டி சரியில்லன்னு நெனச்சு மனசுக்குத் தோணுனத எழுதிட்டேன்."

பெரியவர் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பினார்களா என்று தெரியவில்லை. நான் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, "தட்டக் கொஞ்சம் கீழ வைங்க" என்றேன். பேச்சியைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் மாமியார் கையில் கொடுத்தேன். விரலை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டினேன். நாள் முழுக்க இலையையும் தூளையும் தடவிப் பழகிய விரல்கள். வலது கையில் துடிப்பு உடனே அகப்பட்டுவிட்டது. இடது கையில் தேடினாள். பைய நகர்த்தித் தேடினாள். அமுக்கிப் பார்த்தாள். தன்னுடைய மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தேடினாள்.

"எம்மா, இதுல ஒண்ணையும் காணலயே" என்றாள். பிறகு மருமகளைப் பார்த்து, "ஏட்டி, இந்தக் கையோடயா இவ்வளவு நாளும் சுத்துன?" என்றாள். 

அவளை அனுப்பவில்லை. அடுத்த மாதம் மாமியாரே கூட்டி வந்தாள். மறு வருடம் பலூன் வைத்துச் சிறுநீரகக் குழாயை விரித்தார்கள், பிரஷர் நன்றாக இறங்கியது. மாத்திரையையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். இடது கைத் துடிப்பு மட்டும் திரும்பவேயில்லை. நான் அந்த ஞாயிறுக்கு மறுநாளே நடந்ததை ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓ.பி.யிலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். அது தண்டனை என்றால் குறைந்த தண்டனைதான்.

ஆனால் அந்த முகாம் பெண்ணுக்கு நான் சொல்ல வந்தது இதில் எதுவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பேச்சி என்னோடு பஸ் ஸ்டாப் வரை வந்தாள். வெயில் ஏறியிருந்தது.  எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன். அவள் நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மூணு தடவையும் சத்தம் வரலல்லா சிஸ்டர்?" என்றாள்.

"வரல."

"அத அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். மாமியா சொன்னதக்கூட நா நம்பல. நீங்க எழுதுன பொறவுதான், நமக்கு ஒண்ணுமில்ல போல, நாம வேலக்கள்ளிதான் போலன்னு நானே நெனச்சிட்டேன். ராவும் பகலும் அந்தக் கைய அடிச்சு அடிச்சு வேல வாங்குனேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.  பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.